நோய்க்கு இங்கிலீசுல ஒரு பேரு

போன செவ்வாக்கெழமை ஒரு அம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாக. கூட ஒரு பொம்பளப்புள்ள, பதினாறு பதினேழு வயசு இருக்கும், தாவணி முந்திய வாயில பொத்திக்கிட்டு. எம்.ரெட்டியபட்டியில இருந்து பஸ்ஸு ஏறி வாராகளாம். "ஏத்தா, நோய்க்கு இங்கிலீசுப் பேரு சொல்றவுக வீடு இதுதான?"ன்னு கேட்டாக. நான் தறிக்கு வேண்டிய நூல ராட்டையில தார் சுத்திக்கிட்டு இருந்தேன். கைய எடுத்தும் ராட்டை தன்னால கொஞ்சம் சுத்திட்டுத்தான் நின்னுச்சு.

சேதி ரெட்டியபட்டிக்கு இன்னும் போய்ச் சேரல போல. உள்ள வாங்கன்னு கூப்ட்டு உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். அந்தப் புள்ள ஒரு மடக்கு குடிச்சிட்டு இருமுச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தொண்டையில இருந்து வாரதில்ல அது. கெணத்துக்குள்ள கல்லப் போட்டா கீழ இருந்து வரும் பாருங்க, அந்த மாதிரி.

அந்தப் பேரு சொல்றவுக யாருன்னு கேப்பீக. எங்க வீட்டுக்காரவுகதான். பேரச் சொல்ல மாட்டேன், நாங்க சொல்றதில்ல. எழுதலாம்ல, வாயால சொன்னாத்தான தப்புன்னு பக்கத்து வீட்டுப் புள்ள சிரிக்கிறா. எழுதவும் கை வரல. நான் படிச்சது அஞ்சாப்பு, அதுலயும் பாதி நாளு பருத்தி எடுக்கப் போயிட்டேன். இத எழுதுறதுக்குள்ள ரெண்டு தரம் சோறு பொங்கி அடுப்ப அணைச்சிருச்சு. பிழை இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்கங்க.

எனக்குப் பொறந்த ஊரு திருச்சுழி. எங்கய்யா சைக்கிள்ல துணி மூட்டைய வச்சுக் கட்டி ஊரூராப் போயி வித்தவுக. அருப்புக்கோட்டையில நெசவு வீட்டுல என்னையக் கட்டிக் குடுத்தாக. வந்த புதுசுல மாப்பிள்ளை தறி நெய்யிறதப் பாத்துட்டு எனக்குச் சிரிப்பாணி தாங்கல. எல்லாரு வீட்டுலயும் தறிக்கு முன்னால செவத்துல சாமி படம் மாட்டியிருக்கும். இவுக ஒரு தடிப் புஸ்தகத்தக் கயித்துல கட்டி ஆணியில தொங்க விட்டிருந்தாக. நூல் கோத்த நாடாக் கட்டைய இந்தப் பக்கம் ஒரு எறி, அந்தப் பக்கம் ஒரு எறி, அப்பிடியே புஸ்தகத்துல ஒரு பார்வ. இங்கிலீசு அகராதியாம். பழைய பேப்பர்க் கடையில எடைக்கு வாங்குனது. முன் அட்டை கெடையாது. பின்னாடியும் நெறையத் தாளக் காணோம், கடலை மடிக்கக் கிழிச்சுட்டானாம் கடைக்காரன். எஸ்ஸு எழுத்தோட சரி, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

பெரிய பள்ளிக்கூடத்துல கடைசிப் பரீச்சையில இவுகளுக்கு இங்கிலீசுல மட்டும் போயிருச்சு. திரும்ப எழுதுனாக, திரும்பப் போச்சு. அந்த ரோசத்துல வாங்குன புஸ்தகம். பரீச்சைய விட்டுட்டாக, புஸ்தகத்த விடல. அதுலயும் என்ன கிறுக்குன்னா, மத்த வார்த்தையெல்லாம் சும்மா ஓட்டிருவாக, நோய் வார்த்தை வந்தா மட்டும் நாடா நின்னுரும். "அடியே, இதக் கேளு"ன்னு ஆரம்பிச்சிருவாக. ஏன் நோயின்னு நான் கேட்டதில்ல. இப்பக் கேக்கலாம்னா ஆளு இல்ல.

அப்ப மலேரியாக்காரங்க காக்கி டவுசர் போட்டு வந்து வீடு வீடா மருந்தடிப்பாக, ஞாவகம் இருக்கா? அடிச்சு முடிச்சுட்டு வாசல் செவத்துல என்னமோ நம்பர எழுதிட்டுப் போவாக. அந்த மருந்து வாடை ஒரு வாரத்துக்குச் சோத்துல கூட அடிக்கும். ஒருநா அந்த வாடையில சாப்பிட முடியாம மூக்கப் பிடிச்சுக்கிட்டு இருந்தப்ப இவுக சொன்னாக, மலேரியான்னா கெட்ட காத்துன்னு அர்த்தமாம். இத்தாலிங்கிற ஊருல வச்ச பேராம். கொசுதான் காரணம்னு தெரியாத காலத்துல, சதுப்புல இருந்து வார காத்துதான் காய்ச்சலக் கொண்டு வருதுன்னு நெனச்சு வச்சுட்டாகளாம். பெறகு கொசுவக் கண்டுபிடிச்சாச்சு, பேர யாரும் மாத்தல. "தப்பாப் பேரு வச்சாலும் பேரு நின்னுருது பாத்தியா"ன்னு சொல்லிச் சிரிச்சாக. எனக்கென்னமோ அப்பவே அந்தச் சிரிப்பு பிடிக்கல. இல்ல, இப்ப நெனச்சுப் பாக்கையில பிடிக்கலையோ என்னவோ.

புளூ காய்ச்சல் வந்து தெருவே சுருண்டு படுத்துச்சே ஒரு வருசம், அப்ப அதுக்கும் சொன்னாக. இன்புளூயன்சான்னா நட்சத்திரம் பண்ற வேலையாம். அதுவும் அந்த இத்தாலிக்காரங்கதான். அவுகளப் பெத்த எங்க அத்தைக்கு அதக் கேட்டு ஒரே சந்தோசம், நானும் அதத்தானடா சொல்றேன், உனக்குச் சனி நடக்குதுன்னு. கேன்சருன்னா நண்டாம், கட்டியச் சுத்தி ரத்தக் கொழா நண்டுக் காலு மாதிரி ஓடுமாம். டிசீஸுங்கிறாகளே, அது ரொம்பச் சாதாரணம், சொகம் இல்லாததுன்னு அர்த்தம். "நம்ம 'சொகமில்ல'ன்னு சொல்றோம்ல, வெள்ளக்காரனும் அதையேதான் சொல்றான், வேட்டி மட்டும் வேற"ன்னாக.

எங்க தெருவுல ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுவோம், வாசல்படி தாண்டுனாத் தமிழு. ஆனா நோயின்னு வந்துட்டா ரெண்டுமே ஆகாது. நம்ம பேச்சுல நோயிப் பேரச் சொன்னா அது காது குடுத்துக் கேட்டு உள்ள வந்துருமாம். அதனால நோய்க்கு இங்கிலீசுதான். அது மட்டுமில்ல, பொண்ணு பாக்க வரவுக ஒண்ணொண்ணா விசாரிப்பாக. வலிப்புன்னு ஒரு வார்த்த வெளிய போனா அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாக. அதையே நெர்வ்சு வீக்குன்னு சொல்லிப் பாருங்க, பெரிய படிப்புப் படிச்ச பொண்ணுக்கு வாரது போலன்னு தலைய ஆட்டிட்டுப் போவாக.

அதுக்குப் பேரு சொல்ல ஒரு ஆளு வேணும்ல. இவுகதான் அந்த ஆளு. சந்தை நாளானா நாலு பேராச்சும் வருவாக. வீரசோழன்ல இருந்து ஒரு பாய், மககாரிக்குக் கையில வெள்ளை விழுந்துருக்குன்னு கண்ணு கலங்கி வந்தாரு. ஊருக்குள்ள வெண்குட்டம்னு பேசுறாக, நிக்கா பேசுன எடத்துல கேட்டா என்ன சொல்லன்னாரு. இவுக புஸ்தகத்தப் புரட்டி, லூக்கோடெர்மான்னு சொல்லுங்க பாய், அது ஒட்டுவாரொட்டி இல்ல, குட்டமும் இல்லன்னு சொன்னாக. அவரு அந்த வார்த்தைய வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனாரு. அவரு தல மறஞ்சதும் நான் கேட்டேன், அதுக்கு என்ன அர்த்தம்னு. லூக்கோன்னா வெள்ள, டெர்மான்னா தோலு. கிரேக்கத்துல வெள்ளத்தோலு.

"ஊருல சொன்னதத்தான நீங்களும் சொல்லியிருக்கீக"ன்னேன்.

"அதே சரக்குத்தான். பொட்டலம் வேற"ன்னாக.

நல்லதுதான செஞ்சாகன்னு இப்பவும் நெனைக்கிறேன். அந்தப் புள்ளைக்குக் கல்யாணமும் ஆச்சு. நல்லது செஞ்ச வாய்தான், அதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

இருமல் எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டாச் சொல்லத் தெரியல. நெசவுத் தெருவுல இருமலுக்கு யாரு கணக்கு வச்சா? பஞ்சுத் தூசி, போதாததுக்குக் கோடையில கருவேலங்கரி மூட்டம் போடுற பொக வேற. எல்லாரும் இருமுவாக. இவுக இருமல் மட்டும் மழை விழுந்தும் நிக்கல. சாயங்காலம் ஆனா உடம்பு கொதிக்கும், விடிஞ்சா வேர்த்துப் பாயி நனஞ்சிருக்கும். சட்டை தோள்ல நிக்கல. நான் கேட்டேன், இதுக்கு என்ன பேருன்னு. ஒடனே சொல்லிட்டாக, ஈஸ்னோபீலியா. அப்ப அது ஊரெல்லாம் ஓடுன பேரு, டவுனு டாக்டருங்க பாதிப் பேருக்கு அதத்தான் சொல்லுவாக.

அதுக்கு அர்த்தம் சொன்னாக பாருங்க, இப்ப நெனச்சாலும் மறக்க முடியல. ஈயோஸுன்னு கிரேக்கத்துல ஒரு அம்மனாம், விடியக்காலத்து அம்மன். அவ மொகத்துச் செவப்பப் பாத்து ஒரு சாயத்துக்கு ஈயோசின்னு பேரு வச்சாகளாம். பீலியான்னா ஆசை. ரத்தத்துல ஒரு அணு இருக்காம், அந்தச் செவப்புச் சாயத்தப் போட்டா அது மட்டும் ஆசையாக் குடிச்சுக்குமாம். அப்ப அது நம்ம தெருக்கார ரத்தந்தான், சாயத்துலயே பொறந்து சாயத்துலயே கெடக்குன்னு நான் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாக. சிரிச்சுச் சிரிச்சு இருமுனாக. இருமி முடிச்சுட்டுத் துண்டப் பாத்தாக, மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாக. நான் அந்தத் துண்டக் கேட்டு வாங்கிப் பாக்கல. எதுக்குப் பாக்கணும், அதான் பேரு சொல்லிட்டாகளே.

அந்தச் சமயம் எங்க நாத்தனா ராஜத்துக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தாக. நல்ல எடம், சொந்த சாயப்பட்டறை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இவுக வாயில கல்கண்ட அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தாக. அப்பிடியும் இருமல் வந்துருச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமன், பந்தல்குடியில சைக்கிள் கடை வச்சிருக்கவரு, என்ன மாப்ளே தொண்ட கட்டியிருக்கான்னாரு. இவுக ஈஸ்னோபீலியான்னாக. அவரு மொகம் மலந்து போச்சு. "எங்க வீட்டுலயும் ரெண்டு பேருக்கு இருக்குப்பா, மெட்ராஸ்ல போயிப் பாத்தோம்"னு பெருமையாச் சொன்னாரு. அந்த வார்த்தையாலயே ரெண்டு வீடும் ஒட்டிக்கிச்சு. தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சு, பாக்கு வெத்தல மாத்திக்கிட்டாக.

அதுக்கப்புறம் ஒருநா விடியக்காலம். நான் வாசல் தெளிச்சுக்கிட்டு இருக்கேன். இவுக கொல்லையில வாய் கொப்பளிச்சுட்டுப் போனாக. நான் வாளியோட அங்க போறேன், கல்லுல செவப்பாத் தண்ணி ஓடுது. கூப்ட்டுக் கேட்டேன். வெத்தலன்னாக. விடியுமுன்ன யாரு வெத்தல போட்டான்னு கேட்டேன். மேக்கால திரும்பிப் பாத்துக்கிட்டு நின்னாக. கெழக்கால வானம் அந்தச் சாயம் மாதிரியே இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அன்னைல இருந்து நான் விடியக்காலத்துல கெழக்கப் பாக்கிறதில்ல.

மதுரைக்குப் போனோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு. நெஞ்சுக்குப் படம் எடுத்தாக. டாக்டரு சின்ன வயசுக்காரரு, மறைக்காமச் சொல்லிட்டாரு. டிபி. குணமாகுற நோய்தான், பயப்படாதீங்க, தெனம் ஊசி, மாத்திரை, ஒன்றரை வருசம் ஒருநா விடாமப் போடணும், பாதியில விட்டா பெறகு மருந்து கேக்காது, வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னாரு.

திரும்பி வாரப்ப பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்திருந்தாக. வெளிய கரிசல் காடு, மழை இல்லாம வெடிச்சுக் கெடந்துச்சு. நான் அர்த்தம் கேட்டேன். எல்லாத்துக்கும் கேக்குற மாதிரிதான். டிபின்னா என்னங்கன்னு.

"அது வெறும் எழுத்துத்தான். அர்த்தம் இல்ல."

"எழுத்துன்னா எதாச்சும் வார்த்தையோட எழுத்தாத்தான இருக்கும்?"

"டி எழுத்து நம்ம புஸ்தகத்துல இல்லடி. கடலைக்காரன் கிழிச்சுட்டான்ல."

எனக்கு அதுல ஒரு தெம்பு வந்துச்சு, நீங்க நம்ப மாட்டீக. நம்ம புஸ்தகத்துல இல்லாதது நம்ம வீட்டுக்கு எப்பிடி வரும்னு. அவ்வளவு அறிவு எனக்கு. ஆனா ரோட்டையே பாத்துக்கிட்டு வந்த மொகத்தப் பாத்ததும் அந்தத் தெம்பு கரைஞ்சு போச்சு. எந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லாம விட்ட மனுசன் இல்ல அவுக.

வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாக. கல்யாணம் முடியிற வரைக்கும் இது ஈஸ்னோபீலியாதான். ஊசிய எங்க தெருவுல போட்டா ஊசி போடுறவரு தெனம் வாரதப் பாத்தே கண்டுபிடிச்சிருவாக. அதனால பந்தல்குடியில, சைக்கிள் கடைக்கு அந்தக் கோடியில இருக்க ஒருத்தருகிட்டப் போயிப் போட்டுக்கிறதுன்னு. அத்தைகிட்ட மட்டும் சொன்னோம். அத்தை அழுகல. அடுப்படியில உக்காந்து ரொம்ப நேரம் முருங்கக் கீரைய ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தாக, ஆய்ஞ்சு முடிச்ச குச்சியையும் திரும்ப ஆய்ஞ்சாக. ஒரு புள்ளைய மணவறையில ஏத்தி வச்சுட்டு இந்தப் புள்ளையப் பாப்போம்னாக. ரெண்டும் அவுக பெத்ததுதான், அவுகளும் என்ன செய்வாக.

ஊசி உள்ளபடி வேலை செஞ்சுச்சு. காய்ச்சல் விட்டுச்சு, சட்டை தோள்ல நின்னுச்சு. ஊசி மருந்து வார குட்டிக் கண்ணாடிக் குப்பி இருக்குல்ல, ரப்பர் மூடி போட்டது, அத யாரும் பாத்துறாம மடியில வச்சுக் கொண்டாந்துருவாக. அதக் கழுவி நாடாவுக்குப் போடுற எண்ணெய ஊத்தி வச்சுக்கிட்டோம். எண்ணெயோட சேந்து அந்த மருந்து வாடை இப்பவும் மூடியத் தொறந்தா லேசா வருது. தெருவுல ஒருத்தரும் கேக்கல, எண்ணெக் குப்பி ஏதுன்னு.

ஒருநா சீக்கிரமே திரும்பி வந்துட்டாக. மொகம் வெளிறிப்போச்சு. ஊசி போட்டுட்டு வெளிய வாரப்ப எதுத்தாப்புல அந்தச் சைக்கிள் கடைத் தாய்மாமன் நிக்கிறாராம். லாரி செட்டுல ஒரு வேலைன்னு சொல்லிச் சமாளிச்சுட்டு வந்திருக்காக. அவரு ஊசி போடுறவரு வாசலையும் இவுகளையும் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே ஒரு டீ வாங்கிக் குடுத்தாராம். அந்த டீதான் இவுகளப் பயமுறுத்திருச்சு.

மறுநாளு போகல. அதுக்கு மறுநாளும் போகல. இப்பத்தான் நல்லா இருக்கே, தை பொறக்கட்டும், தாலி கட்டுன கையோட போயிச் சேந்துர்றேன்னாக. நான் விடல. அந்த ஒரு தரந்தான் அவுகளப் பேருக்குக் கூட மரியாத இல்லாமப் பேசுனேன்.

"பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. ராஜத்துக்கு வேற மாப்பிள்ளை கெடைக்கும். எனக்கு வேற ஆளு கெடைக்குமா?"

தறியில பாவு நூல இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டே சொன்னாக, "ஊருக்கெல்லாம் பேரு வச்சுக் குடுத்தேன். எந்தங்கச்சிக்கு நானே கெடுக்கவா?"

நான் ராட்டைய எடுத்துச் சுத்துனேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. பந்தியில அவுகதான் எலை போட்டாக. சாம்பார் வாளியத் தூக்க முடியாமத் தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னத நான் பாத்தேன், அத்தை பாத்தாக, வேற யாரும் பாக்கல. தாய்மாமன் வந்து தோள்ல தட்டி, "என்ன மாப்ளே, ஈஸ்னோபீலியா இன்னும் விடலையா?"ன்னாரு. பக்கத்துல இருந்தவுகளுக்கும் அந்த வார்த்தையச் சொல்லிக் காட்டுனாரு.

திரும்ப மதுரைக்குப் போனப்ப அந்த டாக்டரு பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. ஏன் விட்டீங்கன்னு ஒரு தரம்தான் கேட்டாரு. படுக்கையில சேத்தாக. நர்சம்மா வந்து பேஷண்ட் யாருன்னா பள்ளிக்கூடத்துல மாதிரி கையத் தூக்குவாக. அந்த நெலமையிலயும் எனக்கு அர்த்தம் சொன்னாக. பேஷண்ட்டுன்னா பொறுத்துக்கிறவன். "பி எழுத்து நம்ம புஸ்தகத்துல இருக்குடி"ன்னாக. அவுக எனக்குக் கடைசியா அர்த்தம் சொன்ன வார்த்தை அதுதான். ஆவணியில போயிட்டாக. ராஜம் வந்து விழுந்து அழுதா, எதுல போனாகன்னு அவ வீட்டுல இன்னைக்கும் ஈஸ்னோபீலியான்னுதான் சொல்லி வச்சிருக்கா. அவளக் கோவிச்சுக்க எனக்கு மனசு வரல. அவ வயித்துல அப்ப ஆறு மாசம்.

ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மாகிட்டப் பெறகு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த டி எழுத்து வார்த்தைக்கு முண்டுன்னு அர்த்தமாம். கெழங்கு முண்டு மாதிரி நெஞ்சுக்குள்ள விழுமாம். நான் திருச்சுழியில கெழங்கு தோண்டியிருக்கேன். மேல கொடியப் பாத்தா ஒண்ணும் தெரியாது. மண்ணுக்குள்ளதான் பெருத்துக்கிட்டுக் கெடக்கும்.

செவ்வாக்கெழமைக்கு வாரேன். அந்த ரெட்டியபட்டி அம்மாகிட்ட, அவுக இல்ல, ஆவணியிலயே போயிட்டாகன்னு சொன்னேன். ஐயோன்னு தலையில கை வச்சாக. பெறகு, நீ கூடவே இருந்தவதான, நீயே ஒரு பேரு சொல்லேன், மாசியில பரிசம் போட வாராகன்னாக. அந்தப் புள்ள என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தாவணி முந்தியில ஒரு ஓரத்த உள்பக்கமா மடிச்சுப் பிடிச்சிருந்துச்சு. மடிக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

"இருமல்ல ரத்தம் வருதாம்மா?"ன்னு புள்ளகிட்டக் கேட்டேன். அம்மாவப் பாத்துட்டு ஆமான்னு தலைய ஆட்டுச்சு.

"அது காச நோயி"ன்னேன். தமிழ்ல. வாசக்கதவு தொறந்து கெடந்துச்சு, தெருவுல பாவு போட்டுக்கிட்டு இருந்தவுக அத்தன பேரும் திரும்பிப் பாத்தாக. அவுக பேர இன்னும் நான் வாயால சொன்னதில்ல. அவுகளக் கொண்டுபோனதோட பேரச் சொல்லிட்டேன். "காச நோயா இருக்கும். இன்னைக்கே மதுரைக்குப் போங்க. படம் எடுங்க. ஊசிய விடாதீக, பரிசத்துக்காக விடாதீக. எங்க வீட்டுக்காரவுக அதுலதான் போனாக."

அந்த அம்மா விருட்டுன்னு எந்திரிச்சிட்டாக. "வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு வந்தா இப்பிடியா நடுவீட்டுல நின்னு சொல்லுவ?"ன்னாக. வாசல்ல செருப்பத் தேடுறப்ப அடுத்த வீட்டுக்காரியப் பாத்து, இந்தத் தெருவுல பேரு சொல்றவுக வேற யாரும் இருக்காகளான்னு கேட்டாக. அடுத்த வீட்டுக்காரி என்னையப் பாத்தா. யாரும் இல்லங்கன்னா.

புள்ள கடைசியா எறங்குச்சு. படியில நின்னு, மதுரைக்கு எங்கன பஸ்ஸு நிக்கும்க்கான்னு மெதுவாக் கேட்டுச்சு. சொன்னேன். பஸ் ஸ்டாண்டு உள்ள போயி, பெரியம்மை ஒழிஞ்சுருச்சுன்னு செவத்துல எழுதியிருக்காகல்ல, அந்தச் செவத்துப் பக்கமாப் போகச் சொன்னேன். ரெட்டியபட்டி வண்டியும் அங்கனதான் பக்கத்துல நிக்கும். அம்மாக்காரி கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாக. நான் வாசல்ல நின்னு பாத்தேன். முக்குல திரும்புற வரைக்கும் இருமல் கேட்டுச்சு, பெறகு தறிச் சத்தந்தான்.

மலேரியாக்காரங்க எழுதுன நம்பரு மேல வெள்ளையடிச்சாச்சு. சந்தை நாள்ல இப்ப எங்க வாசல்ல செருப்புக் கெடக்கிறதில்ல. அந்தப் புஸ்தகத்த அத்தை பரண்ல போட்டுட்டாக, ஆணி மட்டும் அங்கனயே இருக்கு. தார் சுத்துறப்ப எனக்கு நேரா அந்த ஆணிதான் தெரியும். "அடியே, இதக் கேளு"ன்னு ஒரு கொரலுக்கு ராட்டை நின்னு பழகிருச்சு. இப்ப அது நிக்கிறதே இல்ல.